துணியிலே எழுதுகிற ஊர்

பிச்சாட்டூர் அணையிலிருந்து புறப்படும் ஆரணியாறு சுருட்டப்பள்ளியைத் தொட்டு, ஊத்துக்கோட்டை வழியே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பொன்னேரிப் பக்கமாக ஓடிப் பழவேற்காட்டருகே கடலைச் சேர்கிறது. அந்தப் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் ஒரு கோட்டை கட்டினார்கள். அவர்களை அங்கே இழுத்து வந்த சரக்கு எது தெரியுமா? துணி! சோழமண்டலக் கரையில் நெய்து, பூவும் கொடியும் எழுதிய பருத்தித் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் கிழக்கே உள்ள தீவுகளில் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள்.

அந்தத் துணியின் பரம்பரை இன்னும் அற்றுப்போய்விடவில்லை. பிச்சாட்டூருக்கு நேர் வடக்கே, பொன்முகலி ஆற்றங்கரையில், ஸ்ரீகாளஹஸ்தியில் பிழைத்திருக்கிறது. அதன் பெயர் கலம்காரி.

பிச்சாட்டூர், நாராயணவனம், புத்தூர், நகரி வட்டாரத்துத் தமிழர்களுக்குத் துணி புதிதல்ல. தறிச் சத்தத்திலேயே வளர்ந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். ஸ்ரீசிட்டி கம்பெனிகளில் ஷிப்டு பார்ப்பவர்கள், திருப்பதியில் கடைகளிலும் ஆபீசுகளிலும் வேலை செய்பவர்கள், எல்லோரும் ராகு கேது பரிகாரத்துக்காவது ஒரு தடவை காளஹஸ்திக்குப் போய் வந்திருப்பார்கள். திரும்பும்போது கடையில் தொங்கும் சேலையையும் திரையையும் பார்த்திருப்பார்கள். மயில், யானை, மரம், ராமர் பட்டாபிஷேகம். “டிசைன் நன்றாக இருக்கிறது” என்று சொல்லி, விலையைக் கேட்டு, கீழே வைத்துவிட்டு பஸ் ஏறியிருப்பார்கள்.

அந்தத் துணியில் இருப்பது வெறும் டிசைன் அல்ல. அது எழுத்து. படிக்கத் தெரிந்தால் அது பேசும். படிக்கிற ஆள் குறையக் குறைய, எழுதுகிற ஆளும் குறைந்துகொண்டே வருகிறான். சங்கதி அதுதான்.

பெயரிலேயே இருக்கிறது

‘கலம்’ என்றால் நம் காதுக்குப் பாத்திரமும் கப்பலும்தான் ஞாபகம் வரும். இந்தக் கலம் வேறு; பாரசீக மொழியில் பேனா. ‘காரி’ என்றால் வேலை. கலம்காரி என்றால் பேனா வேலை. கோல்கொண்டா சுல்தான்கள் காலத்தில் நிலைத்த பெயர் இது. காளஹஸ்தித் தொழிலாளர்கள் தெலுங்கில் இதற்கு வைத்திருந்த பழைய பெயர் ‘விராத பணி’. அதற்கு எழுத்து வேலை என்று பொருள். ஆக, எந்த மொழியில் சொன்னாலும் எழுதுவது என்றுதான் வருகிறது.

பேனா என்றதும் நிப்பு வைத்த பேனாவை நினைத்துவிட வேண்டாம். கூராகச் சீவிய ஒரு மூங்கில் குச்சி. நுனிக்குச் சற்று மேலே கம்பளியோ துணியோ சுற்றி, நூலால் கட்டிய ஓர் உருண்டை. சாயத்தில் தோய்த்தால் அந்த உருண்டை குடித்துக்கொள்ளும். விரலால் லேசாக அமுக்கினால் சாயம் நுனிக்கு இறங்கும். கோடு மெலிவதும் தடிப்பதும் அந்த விரலின் அழுத்தத்தில் இருக்கிறது.

ஊர்ப் பெயரே ஒரு படம்

காளஹஸ்தியில் எழுதிய பழைய முறைத் திரைகளைப் பார்த்தால், சிவலிங்கத்தின் பக்கத்தில் ஒரு சிலந்தி, ஒரு பாம்பு, ஒரு யானை இருப்பதைக் காணலாம். தெரியாதவர் கண்ணுக்கு மூன்று பிராணிகள். தெரிந்தவருக்கோ அது ஊரின் பெயர்! ஸ்ரீ என்பது சிலந்தி, காளம் என்பது பாம்பு, ஹஸ்தி என்பது யானை. சிவனைப் பூசித்து முக்தி பெற்ற மூன்று உயிர்களின் பெயரைச் சேர்த்தே ஸ்ரீகாளஹஸ்தி என்று ஊருக்குப் பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. மூன்று படத்தை வரிசையாகச் சொன்னால் ஊர்ப் பெயர் வந்துவிடுகிறது.

படத்தை வார்த்தையாகப் படிக்கிற இந்த வித்தை நமக்கு மட்டும் சொந்தமானதல்ல. சீனாவில் இதை ஒரு பெரிய கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். அந்த நாட்டின் பழைய கம்பளங்களைப் பார்த்தால் தெரியும்.

மான் என்றால் சம்பளம்!

சீனாவின் வடமேற்கில் உள்ள நிங்சியா பகுதியில் நெய்த பழைய கம்பளங்களை உலகத்துப் பெரிய மியூசியங்களில் பாதுகாக்கிறார்கள். அவற்றிலும், பின்னால் வந்த பீக்கிங் கம்பளங்களிலும் வௌவால் அடிக்கடி வரும். நம் ஊரில் வீட்டுக்குள் வௌவால் வந்தால் ஆகாது என்பார்கள். சீனர்கள் அதைத் தேடிப் பிடித்துக் கம்பளத்தில் வைக்கிறார்கள். ஏன்? சீன மொழியில் வௌவாலைக் குறிக்கும் சொல்லுக்கும் நல்வாழ்வைக் குறிக்கும் சொல்லுக்கும் ஒரே உச்சரிப்பு: ‘ஃபூ’. ஐந்து வௌவால் போட்டால் ஐந்து பாக்கியம். நீண்ட ஆயுள், செல்வம், ஆரோக்கியம், நல்லொழுக்கத்தில் பற்று, அமைதியான சாவு.

மீனும் அப்படித்தான். ‘யூ’ என்றால் மீன். மிச்சம் மீதி என்றும் பொருள். மீன் படம் போட்டால் வீட்டில் எதுவும் மிஞ்சட்டும் என்று வாழ்த்து. பூச்சாடி என்றால் சமாதானம். குமாஸ்தாக்களுக்குப் பிடித்தமான படம் ஒன்று உண்டு. அதுதான் மான். ‘லூ’ என்ற உச்சரிப்பு மானுக்கும் உண்டு, அரசாங்க உத்தியோகத்தில் வரும் சம்பளத்துக்கும் உண்டு. மான் போட்ட கம்பளத்தைப் பரிசாகக் கொடுத்தால், “உனக்கு நல்ல உத்தியோகம் கிடைக்கட்டும்” என்று அர்த்தம்!

நம் வீட்டுக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் போடும் ஸ்வஸ்திகாவும் அந்தக் கம்பளங்களில் உண்டு. அங்கே அதைப் ‘பத்தாயிரம்’ என்று படிப்பார்கள். கரை முழுவதும் ஸ்வஸ்திகாவைக் கோத்துவிட்டால், முடிவில்லாத நன்மை என்று பொருள். மஞ்சள் அரசனுக்கு உரிய நிறம். ஐந்து நகம் உள்ள டிராகன் சக்கரவர்த்திக்கு உரிய சின்னம்.

தூணுக்கென்றே நெய்த கம்பளங்களும் உண்டு. பௌத்த மடங்களின் தூண்களில் சுற்றிக் கட்டுவதற்காக அவற்றை நெய்தார்கள். தரையில் விரித்துப் பார்த்தால் டிராகனின் உடம்பு ஓரத்தில் அறுந்து, துண்டு துண்டாகக் கிடக்கும். தூணில் சுற்றினால் இரண்டு ஓரமும் ஒட்டி, டிராகன் முழுசாகத் தூணைச் சுற்றி ஏறும். அதற்கு உரிய இடத்தில் வைத்தால்தான் அந்தப் படத்தைப் படிக்க முடியும்.

நிறமும் பேசும்

காளஹஸ்தித் திரைக்கும் உரிய இடம் ஒன்று இருந்தது. அது கோயில். சுவாமிக்குப் பின்னால் திரையாகவும், மண்டபத்தில் தொங்கலாகவும், தேரில் அலங்காரமாகவும் கட்டுவதற்கு எழுதிய துணி அது. எழுத்துப் படிக்கத் தெரியாத ஜனங்களுக்கு ராமாயணத்தையும் பாரதத்தையும் அந்தத் துணியைக் காட்டிக் கதையாகச் சொன்னார்கள்.

அதனால் திரைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. நடுவில் பெரிய கட்டம். ராமாயணம் என்றால் பெரும்பாலும் பட்டாபிஷேகம். அதைச் சுற்றி வரிசை வரிசையாகச் சிறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சம்பவம். மேலே தெலுங்கில் ஒரு வரி விளக்கம். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காளஹஸ்தியில் எழுதிய இப்படிப்பட்ட ராமாயணத் திரை ஒன்று இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது.

நிறத்துக்கும் சட்டம் உண்டு. ராமனும் கிருஷ்ணனும் விஷ்ணுவும் நீலம். அனுமன் பச்சை. பெண்களுக்கும் நகைகளுக்கும் மஞ்சள். அரக்கர்களுக்குச் சிவப்பு. தரையும் பெரும்பாலும் சிவப்பு. தூரத்திலிருந்து பார்க்கிற கிழவிகூட, முகம் தெரியாவிட்டாலும் நிறத்தை வைத்தே யார் வருகிறார் என்று சொல்லிவிடலாம்.

மற்ற உருவங்கள் நமக்குத் தெரிந்தவைதான். பாலையும் தண்ணீரையும் பிரிக்கும் அன்னம் விவேகத்துக்கு. தாமரை தூய்மைக்கு. இரண்டு யானை நடுவே லட்சுமி செல்வத்துக்கு. கிளி காதலுக்கு, அது மன்மதனின் வாகனம். காஞ்சிப் பட்டின் கரையில் அன்னபட்சி, மயில்கண், ருத்திராட்சம், கோபுரம் என்று பெயர் சொல்லி வாங்குகிற நம் பெண்களுக்கு இந்தப் பாஷை பாதி தெரிந்ததே.

கடுக்காய், எருமைப்பால், துருப்பிடித்த இரும்பு

எழுதும் வேலை ஒரு நாளில் முடிகிறதா? இல்லை. கோராத் துணியை முதலில் நன்றாக அலசிக் கஞ்சியை எடுக்க வேண்டும். பிறகு கடுக்காய்ப் பொடியும் எருமைப்பாலும் கலந்த நீரில் முக்கி, வெயிலில் உலர்த்த வேண்டும். பாலில் உள்ள கொழுப்புத்தான் சாயம் ஊறிப் பரவாமல் தடுக்கிறது. கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடித்து நிறுத்துகிறது.

புளியங்குச்சிக் கரியால் படத்தின் அளவைக் குறித்துக்கொள்வார்கள். அதன்மேல் மூங்கில் பேனாவால் கறுப்புக் கோடு. கறுப்பு எப்படி வருகிறது? துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லம் கரைத்த தண்ணீரில் போட்டு, ஏறக்குறைய மூன்று வாரம் புளிக்க வைப்பார்கள். அந்த நீரைத் தொட்டுக் கோடு இழுத்தால், துணியில் ஏற்கெனவே ஏறியிருக்கும் கடுக்காயோடு சேர்ந்து கறுப்பாக மாறும். நம் பாட்டிமார் கடுக்காயும் இரும்பும் சேர்த்து மசி காய்ச்சிய அதே ரசாயனம்தான்.

சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரைத் தடவுவார்கள். பிறகு மஞ்சிட்டியோ சாயவேரோ போட்டுக் கொதிக்கும் அண்டாவில் துணியை இறக்கினால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்புப் பிடிக்கும். மற்ற இடத்தில் ஒட்டியதை வெளுக்கச் சாணம் கரைத்த நீரில் ஊறவைத்து, ஆற்றில் அலசி, வெயிலில் நீர் தெளித்துத் தெளித்துக் காயப்போடுவார்கள். கடுக்காய்ப் பூவிலிருந்து மஞ்சள். அவுரியிலிருந்து நீலம். நீலத்தின் மேல் மஞ்சள் ஏறினால் பச்சை.

ஒவ்வொரு நிறத்துக்கும் பிறகு அலசல் உண்டு. ஓடுகிற தண்ணீர் வேண்டும். தேங்கிய நீரில் அலசினால் கரைந்த சாயம் திரும்பவும் துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். பொன்முகலி மழைக்காலத்து ஆறு. மற்ற மாதங்களில் மணலாகக் கிடக்கும். தண்ணீருக்காகக் காத்திருப்பதும் இந்தத் தொழிலில் ஒரு வேலை.

வெள்ளைக்காரன் கேட்ட மரம்

படிக்கிறவன் மாறினால் எழுத்தும் மாறும். 17-ம் நூற்றாண்டில் சோழமண்டலத் துணி பாரசீகம் முதல் சயாம் வரை போயிற்று. பாரசீகத்துக்குத் தொழுகை வளைவும் சைப்ரஸ் மரமும் எழுதினார்கள். சயாமுக்குக் கைகூப்பிய தேவர்களை எழுதினார்கள். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் உள்ள டொராஜா மக்கள் இந்தியாவிலிருந்து போன பழைய துணிகளைப் புனிதப் பொருளாகத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறார்கள்.

வெள்ளைக்காரனுக்குச் சிவப்புத் தரை பிடிக்கவில்லை. 1643-ல் லண்டன் கம்பெனி டைரக்டர்கள் சூரத்துக்கு எழுதிய கடிதத்திலேயே, சிவப்பைக் குறைத்து வெள்ளைத் தரையில் பூவும் கிளையும் போட்டு அனுப்புங்கள் என்று கேட்டார்கள். அந்த வியாபாரத்தில் வளர்ந்ததுதான் கட்டில் விரிப்புகளில் வரும் ‘உயிர் மரம்’. ஒரு பாறைக் குன்று; அதன்மேல் வளைந்து வளைந்து ஏறும் மரம்; உலகத்தில் எங்கும் ஒரே மரத்தில் பூக்காத பூக்கள் அத்தனையும் அதில். அந்தப் பாறையையும் மூங்கிலையும் சில பூக்களையும் கூர்ந்து பார்த்தால் சீனச் சாயல் தெரியும். சீனப் பீங்கானும் பட்டும் ஏறிய கப்பல்களின் வழியாகவே அந்தச் சாயலும் பரவியது. நம் தொழிலாளி அதை வாங்கித் தன் கற்பக விருட்சத்தோடு ஒட்டவைத்தான்.

ஐரோப்பாவில் இந்தத் துணிக்கு வந்த கிராக்கியில் அங்கத்து நெசவாளர்கள் பயந்துபோனார்கள். 1686-ல் பிரான்ஸ் தடை போட்டது. இங்கிலாந்து 1700-ல் ஒரு சட்டமும், 1721-ல் அதைவிடக் கடுமையான சட்டமும் கொண்டு வந்தது. 1742-ல் சோழமண்டலக் கரையில் இருந்த பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் ஒருவர், இங்கத்துச் சாயக்காரர்களிடம் கேட்டறிந்து, செய்முறையைக் கடிதமாக எழுதி ஊருக்கு அனுப்பினார். பிறகு அங்கேயே இயந்திரத்தில் அச்சடிக்கத் தொடங்கினார்கள். அந்த அச்சுத் துணி இங்கேயே வந்து விற்றது.

அணையாமல் காத்தவர்கள்

1950-களில் காளஹஸ்தியில் இந்தத் தொழில் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை. அகில இந்தியக் கைவினை வாரியத்தின் தலைவராக இருந்த கமலாதேவி சட்டோபாத்யாய எடுத்த முயற்சியால் 1957-ல் காளஹஸ்தியில் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கியது. பழைய கை ஓய்வதற்குள் புதிய கைகள் பழகிக்கொண்டன. அந்தப் பரம்பரையில் வந்து தன் தந்தையிடம் தொழில் கற்ற ஜொன்னலகட்டா குரப்பா செட்டிக்கு 2008-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2005-06-ல் ஸ்ரீகாளஹஸ்திக் கலம்காரி புவிசார் குறியீடு பெற்றது.

தமிழ்நாட்டிலும் இதற்கு உறவு உண்டு. தஞ்சை மராத்திய அரச குடும்பத்துக்கென்று தயாரான கோடாலிக் கருப்பூர்ச் சேலை பெயர் பெற்றது. தஞ்சை மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயிலுக்கான தொம்பை, வாசமாலை, விதானம் எழுதும் வேலை தொடர்ந்து வந்திருக்கிறது. தேரில் உருளையாகத் தொங்குகிறதே, அதுதான் தொம்பை. 2021-ல் கருப்பூர்க் கலம்காரிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

எது அசல்?

இன்றைக்குத் தொல்லை வேறு திசையில் வந்திருக்கிறது. ‘கலம்காரி’ என்ற பெயரில் ஸ்கிரீன் பிரிண்ட் செய்த துணி எல்லாக் கடையிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கையால் எழுதிய சேலையோ பல ஆயிரம் ரூபாய். வாரக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய கூலி அதில் அடங்கியிருக்கிறது. வீட்டுக்கு வீடு பெண்கள் நிறம் நிரப்பும் கூலியும் அதில் சேர்ந்ததே. அச்சுத் துணியை வாங்குவது குற்றமல்ல. அவரவர் வருமானத்துக்கு ஏற்றதை வாங்குகிறார்கள். அச்சை எழுத்து என்று சொல்லி எழுத்தின் விலைக்கு விற்பதுதான் மோசம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அம்மாவுக்கோ தங்கைக்கோ ஒரு சேலை எடுக்கிறவன் ஏமாறுகிறான். அதே ஏமாற்றில் எழுதுகிறவனின் அரிசியும் போகிறது.

அசலைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. ஒரே மயில் நான்கு இடத்தில் வந்தால் நான்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அச்சில் நான்கும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருக்கும். கையெழுத்தில் ஒன்றின் கழுத்து கொஞ்சம் நீளும், ஒன்றின் கண் கொஞ்சம் சாயும். கோடு ஓர் இடத்தில் மெலிந்து ஓர் இடத்தில் தடித்திருக்கும். துணியைப் புரட்டினால் பின்பக்கமும் நிறம் இறங்கியிருக்கும். கண்ணைப் பறிக்கும் ரோஸ், பளபளக்கும் பச்சை இருந்தால் அது கடுக்காயும் அவுரியும் தந்த நிறமல்ல. புதுத் துணியை முகர்ந்தால் பால் வாடை வரும்.

ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. அச்சு என்பதாலேயே போலி ஆகிவிடாது. மசூலிப்பட்டினத்திலும் பக்கத்துப் பெடனாவிலும் மரக்கட்டையில் பூவைச் செதுக்கி, கையால் ஒற்றி எடுக்கிற கலம்காரி தனி மரபு. அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. அங்கே பெரும்பாலும் பூவும் கொடியும் பாரசீக வேலைப்பாடும். காளஹஸ்தியில் தெய்வமும் கதையும். கடைக்காரரிடம், “காளஹஸ்தியா, மசூலிப்பட்டினமா, ஸ்கிரீனா?” என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும். விஷயம் தெரிந்த கிராக்கி என்று அவர் உஷாராகிவிடுவார்.

வாங்குகிறவர் மாறியதால் டிசைனும் மாறிவருகிறது. ராமனையும் சீதையையும் இடுப்பில் கட்டுவதற்கும், குஷன் உறையாக்கி அதன்மேல் உட்காருவதற்கும் மனம் ஒப்பாது. அதனால் சேலைக்கும் மெத்தைக்கும் மயிலும் மரமும் தாமரையும் எழுதுகிறார்கள். அதில் தவறில்லை, நானூறு வருஷமாகக் கேட்டவருக்குக் கேட்டதை எழுதி வளர்ந்த தொழில்தான் இது. ஆனால் நூறு கட்டம் போட்டு ராமாயணம் எழுதும் கை, எழுதினால்தான் பழகும். கேட்பார் இல்லாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு மயில் வரும், பட்டாபிஷேகம் வராது.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பார்க்கக் காசு இல்லை. பிச்சாட்டூரிலிருந்தோ திருப்பதியிலிருந்தோ அடுத்த தடவை காளஹஸ்திக்குப் போகும்போது, பரிகாரம் முடிந்ததும் உடனே பஸ்ஸைப் பிடிக்க ஓடாதீர்கள். கலம்காரி எழுதும் இடம் எங்கே என்று விசாரித்துப் போங்கள். கையால் எழுதிய ஒரு திரை முன்னால் பிள்ளைகளை நிறுத்துங்கள். நீல உடம்பு யார், பச்சை உடம்பு யார் என்று கேளுங்கள். சிவலிங்கம் எழுதிய திரை என்றால், சிலந்தியையும் பாம்பையும் யானையையும் தேடச் சொல்லுங்கள். மூன்றையும் கண்டுபிடித்துவிட்டால், தாங்கள் நிற்கிற ஊரின் பெயரை அவர்கள் துணியிலேயே படித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.